அண்ணன் அனுப்பும் பணம் எந்தக் கணக்கில் சேரும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் அண்ணன் பன்னிரண்டு ஆண்டுகளாக ரியாத்தில் வேலை பார்க்கிறார். மாதந்தோறும் அவர் அனுப்பும் பணத்தில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. நடுத்தர வருமான நாடுகள் வெளிநாட்டிலிருந்து ஈட்டும் வருமானம் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன். அதில் சொல்லப்பட்ட தொகையில் என் அண்ணனின் பணமும் அடங்குமா?
– வாசகி ஒருவர், பேரணாம்பட்டு

பதில்: அடங்காது. இந்தப் பதில் தங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆம்பூரில் ஒரு வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அது வியப்பாகத்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும், அது எதற்காக வருகிறது என்பதைச் சொல்லும் ஒரு குறியீட்டை வங்கி ஊழியர் பதிவு செய்ய வேண்டும். எங்கள் மேசைக்கு ஒரே நாளில் இரண்டு வரவுகள் வந்தன. ஒன்று, தங்கள் அண்ணனைப் போலவே பல ஆண்டுகளாக வளைகுடாவில் இருக்கும் ஒருவர் வீட்டுச் செலவுக்காக அனுப்பியது. மற்றொன்று, எத்தியோப்பியாவில் ஒரு ஷூ தொழிற்சாலையில் எட்டு மாதம் தங்கி வேலை கற்றுக்கொடுக்கச் சென்ற ஆம்பூர்க்காரர் ஒருவரின் ஊதியம். இரண்டும் உழைத்துச் சம்பாதித்த பணம்தானே என்று எண்ணி, இரண்டுக்கும் குடும்பப் பராமரிப்பைக் குறிக்கும் பி1301 என்ற குறியீட்டையே எழுதிவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, இரண்டாவது தொகை ஊதியம் என்பதால் பி1401 என்று திருத்தச் சொன்னார்.

காரணம் இதுதான். ஒருவர் ஓராண்டோ அதற்கு மேலோ ஒரு நாட்டில் தங்கி வாழ்ந்தால், குடியுரிமை எதுவாக இருந்தாலும், கணக்குக்கு அவர் அந்த நாட்டுவாசி. ஆகவே தங்கள் அண்ணன் ஈட்டும் சம்பளம் சவூதி அரேபியாவின் உள்நாட்டு வருமானம். அதிலிருந்து அவர் இங்கே அனுப்புவது, கைம்மாறு எதிர்பாராமல் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குச் செல்லும் மாற்றுத்தொகை. இதற்கு இரண்டாம்நிலை வருமானம் என்று பெயர். எட்டு மாதத்தில் திரும்பிவிட்டவரோ இந்தியவாசியாகவே இருந்தபடி வெளியே சம்பாதித்தவர். அவர் ஊதியம் முதல்நிலை வருமானம். தாங்கள் படித்த கட்டுரை பேசுவது இந்த முதல்நிலை வருமானத்தைத்தான். குறுகிய கால ஊதியத்தோடு, வெளிநாட்டில் நாம் வைத்திருக்கும் சொத்துகள் தரும் வட்டி, பங்காதாயம் (டிவிடெண்ட்), நிறுவன இலாபம் ஆகியவையும் அதில் அடங்கும்.

இதனால் தங்கள் அண்ணனின் பணம் சிறியதாகிவிடாது. இந்தியாவுக்கு இப்படி வந்த தொகையை 2022ஆம் ஆண்டுக்கு 11,100 கோடி டாலர் என்றும், 2024ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,900 கோடி டாலர் என்றும் உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு பெறுவதில்லை. பிலிப்பைன்ஸ் போன்ற நாடு வெளிநாடு சென்ற தன் தொழிலாளரின் ஊதியத்தை நாட்டு வருமானக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வதால், அதன் மொத்த நாட்டு வருமானம் (நாட்டுவாசிகள் உள்ளேயும் வெளியேயும் ஈட்டுவது) மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட (நாட்டுக்குள் உற்பத்தியாவது) ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிகிறது. நாம் அப்படிச் சேர்ப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் அண்ணன் பேரணாம்பட்டு வங்கியில் என்.ஆர்.இ. வைப்பு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர் அங்கே ஈட்டியதை இங்கே போட்டுவைக்கும் வைப்பு, வைத்திருந்தால், அதற்கு வங்கி தரும் வட்டி இந்தியாவிலிருந்து வெளியே போகும் முதல்நிலை வருமானமாகப் பதிவாகிறது. பணம் ஊரைவிட்டு ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. ஆனால் ஏட்டில் அது வெளிநாட்டவருக்குக் கொடுத்த வட்டி.

கேள்வி: உலக வங்கி வெளியிடும் புள்ளிவிவரத்தில் நடுத்தர வருமான நாடுகள் வெளிநாட்டிலிருந்து பெறும் முதல்நிலை வருமானம் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருக்கிறது. இந்நாடுகள் பிற நாடுகளில் முதலீடு செய்யும் அளவுக்குச் செழித்துவிட்டன என்று இதிலிருந்து முடிவு செய்யலாமா?
– பொருளியல் மாணவர், வாணியம்பாடி

பதில்: வரைபடத்தைப் பார்த்தவுடன் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் கோட்டை நம்புவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அது அந்தந்த ஆண்டின் டாலரில் வரையப்பட்டது. 1980ஆம் ஆண்டின் டாலரும் இன்றைய டாலரும் ஒரே மதிப்புடையவை அல்ல. அடுத்தது, "நடுத்தர வருமான நாடுகள்" என்ற கூட்டமே நிலையானதன்று. தனிநபர் நாட்டு வருமானத்தைக் கொண்டு உலக வங்கி ஆண்டுதோறும் ஜூலையில் நாடுகளைப் பிரிக்கிறது. 2024 ஜூலையில் 1,146 டாலர் முதல் 14,005 டாலர் வரை நடுத்தரம் என்று வரையறுத்தார்கள். அப்போது ரஷ்யா உயர் வருமான நாடாகிக் கூட்டத்தைவிட்டு வெளியேறியது. இன்று உள்ள பட்டியலைத்தான் பழைய ஆண்டுகள் அனைத்துக்கும் பொருத்திக் கூட்டுத்தொகை போடுகிறார்கள் என்பதால், ஒரு நாடு வெளியேறும்போது அதன் பழைய வரவுகளும் அதனோடு சேர்ந்து மறைந்துவிடுகின்றன. வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளெல்லாம் மேல்வகுப்புக்குப் போன பிறகு, மிச்சமுள்ளவர்களின் பழைய மதிப்பெண்களை மட்டும் வைத்து அந்த வகுப்பின் சரித்திரம் எழுதுவதைப் போன்றது இது. இந்தியாவே 2007ஆம் ஆண்டுக் கணக்கின்படிதான் தாழ்ந்த வருமானப் பிரிவிலிருந்து கீழ்நடுத்தரப் பிரிவுக்கு வந்தது. இருந்தும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் தொகையிலும் இந்தியா இருக்கிறது.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் வரவு உயர்ந்திருப்பது உண்மையே. அதற்கு முக்கியக் காரணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்பது என் கருத்து. 1991ஆம் ஆண்டு நம் கையிருப்பு நூறு கோடி டாலர் அளவுக்குச் சுருங்கி, தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளில் அடகு வைக்கும் நிலை வந்தது. 2021 ஜூனில் அதே கையிருப்பு 60,000 கோடி டாலரைத் தாண்டியது. 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடியில் சூடுபட்ட நாடுகளும், சீனாவும் இவ்வாறே டாலரைச் சேர்த்துவைத்தன. இந்தக் கையிருப்பில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் கடன் பத்திரங்கள் போன்றவற்றில் இருப்பதால், அங்கே வட்டி ஏறினால் வரவு ஏறும், இறங்கினால் இறங்கும். 2008 இறுதியிலிருந்து ஏழாண்டுகள் அமெரிக்க வட்டி ஏறத்தாழப் பூஜ்யத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை சென்றது. இப்படி வட்டியால் வரும் ஏற்றத்தை நாடுகளின் தொழில் திறமைக்குச் சான்றாகக் கொள்வது தவறு. தொழில் முதலீட்டால் வரும் வருமானம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. டாடா மோட்டார்ஸ் 2008ஆம் ஆண்டு ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியதை மறந்துவிடக் கூடாது.

நீங்கள் பார்த்த வரைபடத்தில் இல்லாதது வெளியே செல்லும் தொகை. அதை அருகில் வைத்துப் பார்த்தால் படமே மாறிவிடும். 2023-24 நிதியாண்டில் முதல்நிலை வருமானத்தில் இந்தியாவின் வரவைவிடச் செலவு ஏறத்தாழ 5,000 கோடி டாலர் அதிகம். நீங்கள் வாணியம்பாடியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகும்போது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையைப் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் வரை அந்த இந்திய நிறுவனம் முழுவதும் தென்கொரியத் தாய் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தது. அங்கே வேலை பார்ப்பவரின் சம்பளம் நம்முடையது, இலாபம் கொரியாவினுடையது. அந்த இலாபத்தை அனுப்பாமல் இங்கேயே மறுமுதலீடு செய்தாலும், முதலில் வெளியே போனதாகவும் பிறகு முதலீடாக உள்ளே வந்ததாகவும் இரண்டு பதிவுகள் போட வேண்டும். உள்நாட்டு உற்பத்தியில் முழுவதும் சேரும் அந்தத் தொழிற்சாலையின் உற்பத்தியில், நாட்டு வருமானக் கணக்குக்கு வரும்போது இலாபப் பகுதி கழிந்துவிடுகிறது.

சீனாவின் நிலை இதைவிட விசித்திரமானது. அது உலகுக்குக் கொடுத்திருப்பது, உலகிடம் பெற்றிருப்பதைவிட மிக அதிகம். கணக்குப்படி அது கடன் கொடுத்த நாடு. இருந்தும் முதலீட்டு வருமானத்தில் அது பற்றாக்குறையையே காட்டிவருகிறது. நம் பக்கத்து வழக்கத்தில் சொன்னால், சேமிப்பை அஞ்சலகத்தில் குறைந்த வட்டிக்குப் போட்டுவிட்டு, கடைக்கு முதல் போட்ட கூட்டாளிக்கு இலாபத்தில் பெரும்பங்கு கொடுக்கிறவரின் நிலை அது. வெளியே வைத்திருப்பது பாதுகாப்பான பத்திரம். உள்ளே பிறர் வைத்திருப்பது இலாபம் கொழிக்கும் தொழிற்சாலை. நடுத்தர வருமான நாடுகளை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டாலும் பெறுவதைவிடக் கொடுப்பதே அதிகம். ஆகவே வரவை மட்டும் காட்டும் வரைபடத்தைத் தேர்வில் எழுத நேர்ந்தால், பக்கத்தில் செலவுக் கோட்டையும் வரைந்துவிடுங்கள்.

கேள்வி: ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதிப் பணமும், வேலூருக்கு மருத்துவத்துக்காக வரும் வங்கதேசத்தார் செலவிடும் பணமும் இந்த வருமானத்தில் சேருமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டுமே சேரா. தோலும் ஷூவும் சரக்கு ஏற்றுமதி. நோயாளியோடு வந்தவர் விடுதிக்குக் கொடுக்கும் வாடகை, மருந்துக்கடைப் பணம், மருத்துவமனைக் கட்டணம் எல்லாம் பயணம் என்ற தலைப்பில் சேவை ஏற்றுமதியாகின்றன. சிகிச்சைக்காக வந்தவர் எத்தனை மாதம் தங்கினாலும் தன் நாட்டுவாசியாகவே கருதப்படுவார். ஓர் ஆம்பூர் ஏற்றுமதியாளர் ஜெர்மனியில் சொந்தமாக ஒரு விற்பனை நிறுவனம் தொடங்கி, அதன் இலாபத்தைப் பங்காதாயமாக இங்கே கொண்டுவந்தால் அது முதல்நிலை வருமானம். நாள்தோறும் ஏற்றுமதி பில்கள் கட்டுக்கட்டாக வந்து குவிந்த எங்கள் கிளையில், அப்படிப்பட்ட பங்காதாய வரவை என் பணிக்காலம் முழுவதிலும் நான் இரண்டே முறைதான் பார்த்தேன்.