ரஸ்ட் புளூயிங் (எஃகைத் துருப்பிடிக்க வைத்துக் கருப்பாக்கும் முறை) செய்யும்போது துப்பாக்கிக் குழலின் உட்துளையைக் காக்க ரப்பர் கார்க் செருகினால் போதுமா?

போதாது. துளையை ஒழுங்காக அடைக்க வேண்டும், இல்லையென்றால் திறந்தே விட்டுவிட வேண்டும். அரைகுறையாக அடைத்த குழல்தான் அதிகம் கெடுகிறது.

ரஸ்ட் புளூயிங்கில் வெளிப்பரப்பில் அமிலக் கரைசல் தடவி, ஈரப்பெட்டியில் துருப்பிடிக்க விடுகிறோம். அப்புறம் கொதிநீரில் போட்டால் செந்துரு கருப்பு ஆக்சைடாக மாறும். தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நல்ல நிறம் வருவதற்குள் பல சுற்று ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கார்க்குக்குச் சோதனைதான். அடைபட்ட காற்று கொதிநிலைக்குப் போகும்போது அதன் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு கூடும். கார்க் பிதுங்கும், சில சமயம் தெறித்தே போகும். அது கண்ணுக்குத் தெரிவதால் பரவாயில்லை. குழல் ஆறும்போது நடப்பதுதான் தெரியாது. சூட்டில் கொஞ்சம் காற்று கசிந்திருந்தால், ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, கார்க்கின் ஓரத்தில் நிற்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அது வெளியே வர வழி கிடையாது. ரைஃப்ளிங் பள்ளங்களில் (குண்டைச் சுழலவைக்க உட்துளையில் வெட்டிய சுருள் பள்ளங்கள்) புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழுவது இப்படித்தான்.

அதனால் நான் அடைப்பானை மட்டும் நம்புவதில்லை. துளையை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, தோட்டா அறை உட்பட உள்ளே முழுக்க எண்ணெய் வார்னிஷ் மெல்லியதாகப் பூசி நன்றாகக் காயவிடுவேன். அரக்கு வார்னிஷ் வேண்டாம், தண்ணீர் கொதிக்கும் முன்பே இளகிவிடும். அப்புறம் இரு முனையிலும் சிலிக்கோன் அடைப்பான். இரண்டையும் குழலுக்குள் ஓடும் ஒரு மெல்லிய மரைக்கம்பியால் இணைத்து நட்டை முடுக்கினால், சிலிக்கோன் நசுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தெறிக்காது. கம்பி உரசாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் குழாய் மாட்டுவது அவசியம். வெளியே நீட்டியிருக்கும் கம்பி முனைகளே கைப்பிடி, குழலில் விரல் படாது. வேலை முடிந்ததும் வார்னிஷைப் பெயின்ட் ரிமூவரால் எடுத்துவிடலாம், கருப்பு ஆக்சைடுக்கு ஒன்றும் ஆகாது.

மரக்குச்சி செருகுவது பழைய வழக்கம். பிசின் இல்லாத மரமானால் ஓரளவு சரி. உள்ளே கிரீஸ் அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது உருகித் தண்ணீர்மேல் மிதக்கும். குழலைத் தூக்கும்போது வெளிப்பரப்பெல்லாம் படிந்து, அடுத்த பூச்சு திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.

திறந்த முறையும் மோசமில்லை. குரோம் பூசிய துளைக்கு அதுவே போதும். கரைசலைப் பிழிந்த துணியால் தடவுங்கள், முனைகளில் வழிந்து உள்ளே போகக்கூடாது. கொதிநீரிலிருந்து எடுத்ததும் நீரை வடித்துவிட்டு, சூடு இருக்கும்போதே உலர்ந்த துணியை உள்ளே ஓட்டுங்கள். துளையில் மெல்லிய கருப்புப் படலம் வரும், கடைசியில் பிரஷ் போட்டு எண்ணெய் விட்டால் சரி. கண்ணாடி போலப் பளபளக்கும் நல்ல துளைக்கு மட்டும் இதை நான் செய்யமாட்டேன், ஈரப்பெட்டியின் அமில ஆவி உள்ளேயும் போகும்.

துப்பாக்கியைத் திரும்பப் பூட்டும் முன் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். மறந்துபோன ஒரு துண்டு அடைப்பான் உள்ளே இருந்தால், சுடும்போது குழல் வெடித்துவிடலாம்.