கொலை வழக்கில் தடயச் சான்று காணாமல் போனால் என்ன ஆகும்?

ராயபுரம், காசிமேடு பக்கத் தேநீர்க் கடைகளில் சர்ச்சைக்குரிய கொலை வழக்கொன்று பேசப்படும்போதெல்லாம், "ரத்தக்கறைச் சட்டை எங்கே?" என்ற கேள்வி எழும், அது நியாயமான கேள்விதான்.

தடயச் சான்று என்பது ரத்தக்கறை, கைரேகை, முடி, ஆயுதம் போன்ற, அறிவியல் முறையில் சோதிக்கத்தக்க பொருள். அது எடுக்கப்படாமலே விடுபடலாம், எடுத்தபின் கெட்டுப்போகலாம், அல்லது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பதிவு அறுந்துபோகலாம். ஈரமான ரத்தத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால், கடலோரப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். (பல வழக்குகளில் சதியைவிட இத்தகைய அலட்சியமே வில்லன் என்பது என் கருத்து.)

கைமாறிய பதிவு அறுந்துபோகும் இந்த மூன்றாவது குறைதான் நீதிமன்றத்தில் அதிகம் விவாதிக்கப்படுகிறது. வண்ணாரப்பேட்டை அடகுக் கடையில் வைத்த நகையின் உறை, மீட்கும்போது முத்திரை உடைந்திருந்தால், உள்ளிருப்பது உங்கள் நகையாகவே இருக்கலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் சென்று சான்று திரட்ட வேண்டும் என்கிறது. அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் உண்டு. கையிலிருந்தும் தாக்கல் செய்யாத சான்று, தாக்கல் செய்திருந்தால் அத்தரப்புக்கே பாதகமாக இருந்திருக்கும் என நீதிமன்றம் அனுமானிக்கவும் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது.

தடயம் இல்லையென்றால் வழக்கு தானாகவே தள்ளுபடியாகும் என்று பலர் நினைப்பது தவறு: நம்பத்தகுந்த நேரடிச் சாட்சி இருந்தால், விசாரணைக் குறை மட்டுமே விடுதலைக்குப் போதாது என்பதே உச்ச நீதிமன்றம் பலமுறை எடுத்த நிலைப்பாடு.