முதல் செயற்கைக் காலுக்கு ஒன்பது லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 53. நெடுங்காலமாகச் சீனி வருத்தம். பெருவிரலில் வந்த புண் மேலே ஏறி, போன மாதம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தனியார் கம்பனி ஒன்றில் 18 வருடமாகக் களஞ்சியப் பொறுப்பாளர். சம்பளம் 60,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதியில் (EPF) சுமார் 14 லட்சமும் வங்கியில் நிலையான வைப்பு 6 லட்சமும் இருக்கிறது. ஐந்து பவுண் நகை 4 லட்சத்துக்கு அடகில். பின்னேரங்களில் அவர் ஓட்டிய ஓட்டோவுக்கு லீசிங் மாதம் 23,000. இன்னும் 14 தவணை. ஆயுள் காப்புறுதியும் உண்டு. வேலையை விட்டு, சேமலாப நிதியை எடுத்து, 9 லட்சத்துக்கு வெளிநாட்டுக் கால் போடச் சொல்கிறார் என் தம்பி. செய்யலாமா? (வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: ராஜினாமாக் கடிதமும் இப்போது வேண்டாம், ஒன்பது லட்சம் காலும் இப்போது வேண்டாம்.

முதலில் வேலை. ஆணுக்கு 55 வயது ஆகுமுன் சும்மா வேலையை விட்டால் சேமலாப நிதி கைக்கு வராது. நிரந்தர முழு இயலாமை என்று மருத்துவ ரீதியாக உறுதிப்பட்டால் வரும். ஆனால் முழங்கால் மிஞ்சியிருப்பவர், மேசையிலிருந்து கணக்குப் புத்தகமும் சரக்குப் பதிவும் பார்க்கக்கூடியவர். அவருக்கு "முழு" இயலாமை என்று எழுதித் தருவார்கள் என நம்பி சம்பளத்தை விடுவது ஆபத்து. எழுதித் தராவிட்டால் இரண்டு வருடம் சம்பளமும் இல்லை, நிதியும் இல்லை. அதோடு தொழில்தருநர் கட்டும் 12 வீதச் சேமலாப நிதியும் 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதியும் (ETF) நின்றுவிடும். 60,000 சம்பளத்தில் அது மாதம் 9,000. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. அது முடிந்ததும் சம்பளமில்லா லீவும், திரும்பி வரும்போது இருந்து செய்யும் வேலையும் எழுத்தில் கேளுங்கள். டயக்னோசிஸ் காட்டின் (ஆஸ்பத்திரியில் தந்த நோய்க் குறிப்பு அட்டை) பிரதியை இணையுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் "வராமல் நின்றுவிட்டார்" என்று பிறகு எழுத இடமிருக்கும். பணிக்கொடை எங்கும் ஓடாது: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால் வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், 18 வருடத்துக்கு 540,000. எப்போது விலகினாலும் அது உரித்து.

பத்து வருடம் பங்களித்து, கணக்கில் 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வேலையில் இருந்துகொண்டே சேமலாப நிதியில் 30 வீதம் வரை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்க வழி உண்டு. உங்களுக்கு அது 420,000. வைத்தியத் தேவை என்பது எல்லா நோயும் அல்ல. தொழில் அலுவலகத்தில் அந்தப் பட்டியலை டயக்னோசிஸ் காட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இந்தக் காசை நம்பித் திட்டம் போடுங்கள்.

இனிக் கால். வெட்டிய இடம் ஆறி, தையல் பிரித்து, கட்டுத் துணியால் இறுக்கி வடிவம் எடுத்த பிறகுதான் அளவெடுப்பார்கள். சீனி உள்ளவருக்கு ஆறப் பிந்தும். அளவெடுத்த பிறகும் எஞ்சிய கால் முதல் ஒரு வருடத்தில் வற்றிக்கொண்டே போகும். செயற்கைக் காலில் உடம்போடு பொருந்தும் கிண்ணத்தை சொக்கெட் என்பார்கள். கால் வற்ற அது தொளதொளக்கும். முதலில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் காலுறை போட்டுச் சமாளிப்பார்கள், பிறகு புது சொக்கெட்தான் வழி. அதாவது இரண்டாம் மாதம் 9 லட்சம் கொடுத்த காலின் முக்கிய பகுதி வருட முடிவில் பொருந்தாது. பொருந்தாத சொக்கெட் தோலை உரசும், உணர்ச்சி குறைந்த தோலில் உரசல் தெரியாது, புண் வரும், அதற்குமேல் வெட்ட நேரிடலாம். விற்பவர் சொல்லும் விலையில் திருத்த வேலையும் இரண்டாவது சொக்கெட்டும் அடங்குமா என்று கேளுங்கள். அநேகமாக அந்த இடத்தில் பேச்சு மாறும்.

யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலும் கொழும்பு நட்புறவுச் சங்கத்திலும் (Friend-in-Need Society) ஜெய்ப்பூர் கால் செய்கிறார்கள். 1968இல் இந்தியாவில் உருவான அந்தப் பாதம் ரப்பர்; சப்பாத்து இல்லாமலும் நடக்கலாம், ஈரம்படலாம், குந்தலாம். நம் வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. திருகோணமலையிலிருந்து இரண்டும் 200 கிலோமீற்றருக்கு மேல். அளவு, பொருத்தம், திருத்தம் என்று பல தடவை போகவேண்டும். பயணத்துக்கும் தங்கலுக்கும் காசை இப்போதே ஒதுக்குங்கள். ஊன்றுகோல், சக்கர நாற்காலிக்கு திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. சம்பளம் நின்றால் விண்ணப்பியுங்கள்.

பெரிய செலவு இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் போனவருக்கு அடுத்த காலில்தான் ஆபத்து அதிகம். அதே நரம்புப் பாதிப்பு, அதே அடைபட்ட இரத்தக் குழாய், இப்போது பாரம் முழுக்க அதன்மேல். அதனால் என் கணக்கில் முதல் வரி இடது காலுக்கு: சீனி பார்க்கும் ஸ்டிரிப், மிக நீண்ட விரலைவிட ஒரு சென்ரிமீற்றராவது நீளமான மூடிய சப்பாத்து, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை, அதற்குப் போக ஓட்டோக் காசு. அரச கிளினிக்கில் மருந்து இலவசம்தான், ஆனால் போகக் காசில்லாமல் ஒரு தவணை தவறுவதே புண்ணைப் பிந்திக் காட்டும். (இதற்கிடையில் கன்னியா வெந்நீரூற்றில் கால் நனைத்தால் இரத்தம் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். சூடு தெரியாத கால் அங்கே வெந்துபோகலாம். கோணேசர் கோயில் வெயில் கல்லிலும் அப்படித்தான்.)

அடகைத் தொடர்வது நட்டம். உதாரணத்துக்கு அடகு வட்டி 15 வீதம், வைப்பு வட்டி 8 வீதம் என்றால், 4 லட்சத்தில் வருடத்துக்கு 28,000 கரைகிறது. வைப்பு முதிரும் நாளில் 4 லட்சத்தை எடுத்து நகையை மீட்டுவிடுங்கள். அவசரமென்றால் அதே நகையைத் திரும்ப வைக்கலாம். முதிருமுன் உடைத்தால் வட்டி வெட்டுவார்கள், அந்த இழப்பை அடகு வட்டியோடு ஒப்பிடுங்கள். மிச்ச 2 லட்சம் தொடக்கூடாத காசு. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்பதால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் வட்டியில் 10 வீத வரி பிடிக்கமாட்டார்கள்.

ஓட்டோவின் பிரேக் வலது காலில். அவர் இனி ஓட்டுவது சுலபமில்லை. மிச்சம் 322,000. நாள் வாடகை 1,000 படி 25 நாள் ஓடினால் தவணை அடையும், ஆனால் திருத்தமும் காப்புறுதியும் உங்கள் தலையில். லீசிங் கம்பனியிடம் முன்கூட்டியே முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்கி, விற்கும் விலையோடு பாருங்கள். மிஞ்சுமென்றால் விற்பதே நல்லது.

ஆயுள் காப்புறுதியை மட்டும் விடவேண்டாம். இந்த நிலையில் அவருக்குப் புதிதாக அதே விலையில் கிடைக்காது. அங்கவீன நட்டஈடு என்று முகவர் சொன்ன பகுதி அநேகமாக விபத்துக்கு மட்டும். சீனியால் காலெடுத்தது விபத்தல்ல. பத்திரத்தில் "நோயினால் ஏற்படும் நிரந்தர இயலாமை", "கட்டணத் தள்ளுபடி" (இனிக் கட்டணம் கட்டாமலே காப்புறுதி தொடர்வது) என்ற இரண்டு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அறிவிக்க வேண்டிய கடைசி நாளும் அதே பத்திரத்தில் இருக்கும். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.