வசதியான வேலையை விட்டுவிட்டு நிச்சயமில்லாத பாதையில் இறங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அந்தத் துணிவு எப்படி வந்தது?

நான் 39 வயதில் இறங்கினேன். அதற்கு முன் 13 ஆண்டுகள் ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். இப்போது சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இருந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் கொண்டு சேர்ப்பது என் தொழில். மாதச் சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் வேலை.

பழைய வேலை மீது எனக்கு எந்த மனக்கசப்பும் இல்லை. பிடிக்காத இடத்திலிருந்து கிளம்புவது வேறு, நல்ல இடத்திலிருந்து கிளம்புவது வேறு. நீங்கள் கேட்டிருப்பது இரண்டாவதைப் பற்றி என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சம்பளம், மரியாதையான பதவி, எனக்குக் கீழே ஆறு பேர். காலையில் ஒரு ஃபைலைத் திறந்தால் மூன்றாவது பக்கம் வருவதற்குள் அது எப்படி முடியும் என்று தெரிந்துவிடும். வசதி என்று நான் சொல்வது அதைத்தான். பணம்கூட அதற்கு அடுத்த இடம்தான்.

ஒரு நாள் ஒருவர் தன் மகளோடு வந்தார். சிறுமிக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. மனைவி இறந்ததற்கான கிளெய்ம். நான் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்கு மனப்பாடம். உடம்பு சரியில்லாமல் போனது எப்போது, ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதி என்ன, பாலிசி எடுப்பதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா. ஒவ்வொன்றையும் அந்தக் குழந்தையிடம் கேட்டேன். அவள் கையால் அப்பாவிடம் கேட்டு, வாயால் எனக்குப் பதில் சொன்னாள். அவளுடைய அம்மாவைப் பற்றி. இறப்புக்கான காரணத்துக்கு வந்தபோது அவள் கைகள் மடியில் விழுந்துவிட்டன. அந்தச் சொல்லுக்கு அவளிடம் சைகை இல்லையா, சொல்ல மனம் வரவில்லையா, எனக்குத் தெரியவில்லை. நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். கடைசியில், "அப்பாவுக்கு ஏதாவது கேக்கணுமான்னு கேளும்மா" என்றேன். அவர் மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். கிளெய்முக்காக வருபவர்கள் எப்போது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், இன்னும் என்ன தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுந்து போனார்.

பணம் விதிப்படி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபைல் மூடப்பட்டது. எனக்குத்தான் அது மூடவில்லை.

இதைப் படித்துவிட்டு மறுநாளே ராஜினாமா எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த இரண்டரை ஆண்டுகள் நான் எதுவுமே செய்யவில்லை. சைகை மொழி கற்க வேண்டும் என்று ஆசை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. இரவு படுத்ததும், வேலை போய்விட்டால் வீட்டுக் கடன், பையன் படிப்பு, அம்மாவின் மருந்து என்று வரிசையாக வந்து நிற்கும். காலையில் அலுவலகம் போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

நான் இருந்த துறையே பயத்துக்கு விலை போடுகிற துறை. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓராண்டில் எத்தனை பேருக்கு விபத்து நேரும் என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம். ஆனால் ஒருத்தி 39 வயதில் வேலையை விட்டால் என்ன ஆவாள் என்று எந்த அட்டவணையிலும் கிடையாது. பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921இலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். கணக்கிட முடிகிற ஆபத்து ஒன்று. கணக்குக்கே பிடிபடாத நிச்சயமின்மை வேறொன்று. முதலாவதைப் பார்த்து எனக்குப் பயமே இல்லை, தினமும் அதோடுதான் வாழ்ந்தேன். இரண்டாவதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

அந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையில் பார்த்தேன். 45 பேர் கணினித் திரையில் ஒரு விளையாட்டு ஆடினார்கள். கல்லைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்த நேரத்தில் அவர்களுக்கு மன அழுத்தம் உச்சத்துக்குப் போகவில்லை. வரவும் செய்யலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் போனது. இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டரை ஆண்டுகளாக நான் அந்தப் பாதிக்குப் பாதியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். போகவும் இல்லை, போகப்போவதில்லை என்று முடிவு செய்யவும் இல்லை. வலியில் மோசமான பங்கை வேலையை விடாமலே அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சரிதான். ஆனால் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆழம் எந்தக் காலத்திலும் தெரியாது. கால் போகும் முன் ஒரு கோலையாவது விட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தக் கோல் மாலை வகுப்பு. வேலையில் இருந்துகொண்டே வாரம் மூன்று மாலைகள், ஒன்றரை ஆண்டு. பிறகுதான் ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தேன். சம்பள வேலையில் இருந்தபடியே சொந்தத் தொழிலைத் தொடங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முழுதாக இறங்கியவர்கள், வேலையை விட்டுவிட்டு நேராகக் குதித்தவர்களைவிட, தொழிலை மூடிவிட்டுப் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாம். திரும்பி வரும் படகை எரித்துவிட்டுக் கிளம்பு என்று மேடையில் பேசுபவர்களை நம்பாதீர்கள்.

ஆல்பர்ட் ஷ்வைட்சரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். இறையியலில் பெரிய பெயர், ஆர்கன் வாசிப்பதில் ஐரோப்பா அறிந்த கலைஞர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்கு மருத்துவம் பார்க்கப் போனார் என்பார்கள். அவர் மருத்துவம் படிக்கச் சேர்ந்தது 1905இல், 30 வயதில். ஆப்பிரிக்காவில் லாம்பரேனே என்ற ஊருக்குக் கப்பல் ஏறியது 1913இல். நடுவில் இருந்த எட்டு ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. அந்த எட்டு ஆண்டுகளும் அவர் பாதி பழைய வாழ்க்கையில்தான் இருந்தார். கச்சேரி செய்து ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்த்தார். எதிர்ப்பக்கத்தில் ஓவியர் பால் கோகன். பாரிஸ் பங்குச் சந்தைத் தரகு வேலையில் நன்றாகச் சம்பாதித்தவர். 1882இல் சந்தை விழுந்த பிறகு முழுநேர ஓவியரானார். ஓவியம் நமக்குக் கிடைத்தது. ஐந்து பிள்ளைகளோடு மனைவி தன் பிறந்த நாட்டில் தனியாகக் குடும்பத்தைச் சுமந்தார். ஒருவர் வசதியைத் துறந்தார் என்ற கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்த வசதி யாருக்கெல்லாம் சொந்தமாக இருந்தது என்றும் நான் கேட்கிறேன்.

அதனால் வீட்டில் பேசினேன். அம்மா, "மண்குதிரைய நம்பி ஆத்துல இறங்குறியேம்மா" என்று அழுதார். கணவர் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், "எது வரைக்கும்?" என்று கேட்டார். என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது, நானும் கேட்டுக்கொண்டதில்லை. இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். 14 மாத வீட்டுச் செலவு தனியாக எடுத்து வைக்கப்படும். அதில் பாதி தீரும்போது மாதத்துக்குப் பத்து நாள் வேலையாவது எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் நான் மறுபடி அலுவலக வேலை தேடுவேன், அதை யாரும் தோல்வி என்று சொல்லக்கூடாது. கடைசி வரி அவர் எழுதியது. எனக்குத் துணிவு என்று ஏதாவது வந்தது என்றால் அந்த வரியிலிருந்துதான் வந்தது. கடனிலோ, உங்கள் ஒருவர் வருமானத்தை நம்பியோ வீடு ஓடிக்கொண்டிருந்தால், இப்படி ஒரு தாள் எழுத முடிகிற வரைக்கும் பொறுத்திருங்கள். அது கோழைத்தனம் இல்லை.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். அதற்கு நான் தயாராக இருந்தேன். தயாராக இல்லாதது வேறு.

முதல் வகுப்புக்கு அலுவலகம் முடிந்து அதே உடையோடு போனேன். ஆசிரியருக்குக் காது கேட்காது. பலகையில், "இந்த அறைக்குள் குரல் கிடையாது" என்று எழுதினார். அவ்வளவுதான். 13 ஆண்டுகள் பேசிப் பேசிச் சம்பாதித்த எனக்கு ஒரே நொடியில் வாய் இல்லாமல் போனது. என்னைச் சுற்றி இருபது வயதுப் பிள்ளைகள். அவர்கள் விரல்கள் சட்டென்று வளைந்தன, என்னுடையவை வளையவில்லை. பெயர் சொல்ல, தண்ணீர் கேட்க, புரியவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. புரியவில்லை என்பதைக்கூடச் சொல்லத் தெரியாத நிலை எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அந்த மனிதர் எங்கள் மேசைக்கு எதிரே எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

கைகள் மூன்று நான்கு மாதத்தில் பழகிவிட்டன. முகம்தான் பழகவில்லை. சைகை மொழியை வெறும் கையசைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனி இலக்கணம் உண்டு, நாட்டுக்கு நாடு மாறும், முகமும் அந்த இலக்கணத்தில் சேர்ந்தது. பல சைகை மொழிகளில் ஆமா இல்லையா என்று கேட்கும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். உயராவிட்டால் அது கேள்வியே இல்லை, வெறும் செய்தியாகிவிடும். நான் கேள்வி கேட்பேன், ஆசிரியர் பதில் சொல்லமாட்டார். கை சரியாகத்தான் இருக்கும். மறுபடி கேட்பேன். அவர் என் எதிரில் வந்து நின்று, தன் முகத்தை ஒரு துணியால் துடைப்பதுபோலக் காட்டிவிட்டு என்னைச் சுட்டினார். உன் முகத்தில் ஒன்றும் இல்லை.

உண்மைதான். எங்கள் வேலையில் எதிரே அழுகிறவர் முன்னால் முகத்தில் எதுவும் காட்டக்கூடாது. நம்பிக்கையும் கொடுத்துவிடக் கூடாது, மறுப்பும் தெரிந்துவிடக் கூடாது. அந்த முகத்தைச் செய்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். இப்போது அதைக் கழற்ற முடியவில்லை. இரவில் கண்ணாடி முன் நின்று புருவத்தை உயர்த்திப் பழகினேன். ஒரு நாள் பழகிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. பையன் வந்து பார்த்துவிட்டு, "இப்பதாம்மா கரெக்டா வருது" என்றான்.

வேலையை விட்டால் சம்பளம் போகும், பதவி போகும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். ஒரு இடத்தில் விவரம் தெரிந்த ஆளாக இருப்பதும் கூடவே போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் அனுபவத்தில் விடுவதற்கு மிகக் கடினமானது அதுதான். பல பேர் திரும்பிப் போவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பணம் தீர்ந்து திரும்புபவர்களைவிட, மறுபடி தெரியாதவராக இருப்பதைத் தாங்க முடியாமல் திரும்புபவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்களில் என்னைவிட வேகமாகக் கற்ற ஒரு பேராசிரியர் ஐந்தாவது வாரத்தில் நின்றுவிட்டார். எல்லோர் முன்னாலும் தப்பாகச் செய்வது அவருக்கு உடம்பிலேயே வலித்தது.

இந்தத் தலைப்பில் எழுதுபவர்கள் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டின் நாணய ஆய்வைச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். முடிவெடுக்கத் தவித்தவர்கள் இணையத்தில் நாணயம் சுண்டினார்கள், 20,000 முறைக்கும் மேல். மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்து, செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. ஆனால் நாணயத்திடம் கேட்க வந்தவர்கள் ஏற்கெனவே வாசல்படியில் நின்றவர்கள். உள்ளே நிம்மதியாக இருப்பவர்களை அது வெளியே தள்ளச் சொல்லவில்லை. உங்களுக்கு இருக்கிற வாழ்க்கை பிடித்திருந்தால் அங்கேயே இருங்கள், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

சென்ற வாரம் ஓர் அலுவலகத்தில் கணவன் மனைவி இருவருக்கும் மொழிபெயர்த்தேன். இருவருக்கும் காது கேட்காது. கூட வந்த பையன் கேட்கிற பிள்ளை. முதல் ஐந்து நிமிடம், வழக்கப்படி தன்னைக் கூப்பிடுவார்கள் என்று பக்கத்திலேயே நின்றான். யாரும் கூப்பிடவில்லை. பிறகு மூலையில் போய் உட்கார்ந்து ஒரு தாளில் ஏதோ வரைய ஆரம்பித்தான். அவன் அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தோள் வலித்தது. நீண்ட சந்திப்புகளில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை இது, அன்று நான் ஒருத்திதான். அவர் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது என்றார். புருவம் உயர்ந்திருந்தது.

அடுத்த மாதம் இதுவரை ஒன்பது நாளைக்குத்தான் வேலை உறுதியாகியிருக்கிறது. தாளில் எழுதிய பத்துக்கு ஒன்று குறைகிறது. நாளை ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்குத் தெரியாத ஏழெட்டு மருத்துவச் சொற்கள் இருக்கின்றன, இன்றிரவு கண்ணாடி முன்னால் பழகிக்கொள்ள வேண்டும்.