செம்பை வரைந்து தொடங்குங்கள்

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறேன். ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் பட்டம் படிக்க ‘யூசீட்’ தேர்வு எழுதலாமா? ஓவிய வகுப்புக்குப் போனதே இல்லை. எப்படித் தயாராவது?
– ஒரு மாணவி, கரூர்.

பதில்: தாராளமாக எழுதலாம். பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் இத்தேர்வை எந்தப் பாடப்பிரிவினரும் எழுதலாம். ஆனால், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு வாய்ப்புகள் மட்டுமே உண்டு. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கணினியிலும், எஞ்சிய ஒரு மணி நேரம் தாளில் வரைவதிலும் கழியும்.

ஓவியம் கற்கவில்லையே என்று கலங்க வேண்டாம். அழகாகத் தீட்டும் கையைவிட, ஒரு பொருள் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று கேட்கும் கண்ணே இங்கு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டிலிருக்கும் செம்பை எடுத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் சாய்த்தும் பென்சிலால் வரைந்து பாருங்கள். அதன் கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது, விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது, ஈரக்கையில் அது ஏன் நழுவுவதில்லை என்று படத்தின் ஓரத்திலேயே குறித்து வையுங்கள். (1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வடிவமைப்பு குறித்து இந்திய அரசுக்காக எழுதிய ‘இந்திய அறிக்கை’ வியந்து பாராட்டிய பொருள் இந்தச் செம்புதான், அவ்வறிக்கையின் பயனாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது.)

கணினிப் பகுதிக்கு, மடித்த பெட்டியை மனத்தில் விரிக்கும் வகைக் கணக்குகளைத் தினமும் போடுங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வாரம் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.