மருத்துவர் பதில்: அடி வாங்கி வாங்கித் தலை பழகுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். நாங்கள் பர்மாவில் மோல்மீன் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது. ஒன்றரை வருடமாக ஊர் சயாவிடம் (ஆசானிடம்) லெத்வே பழகுகிறான்; தலைமுட்டும் உள்ள பர்மியக் குத்துச்சண்டை அது. இரண்டு வாரம் முன்பு ஜோடிப் பயிற்சியில் பெரிய பையன் ஒருவன் தலையால் முட்டியதில் கீழே விழுந்து, சில விநாடி கண் திறக்கவில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றி, காதைப் பிடித்து இழுத்து எழுப்பினார்கள். எழுந்து மீதிச் சுற்றையும் ஆடிவிட்டுத்தான் வந்தான். அன்றிலிருந்து காலையில் தலைவலி, வெயிலைப் பார்த்தால் கண் கூசுகிறது, டியூஷனில் தெரிந்த கணக்கையே தப்பாகப் போடுகிறான், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். வாந்தி இல்லை. பயிற்சிக்கு இப்போதும் போகிறான். "இன்னும் நாலு அடி வாங்கினால் தலை பழகிவிடும்" என்கிறார் சயா. அடுத்த மாதம் பகோடா திருவிழாவில் மேடை ஏற்றப் போகிறாராம். அடியோடு நிறுத்தச் சொல்கிறாள் அவன் அம்மா. குன்யா (வெற்றிலை பாக்கு) கடை வாசலே கதியென்று கிடந்த பையன் இந்தப் பயிற்சிக்குப் போன பிறகுதான் திருந்தினான். என்ன செய்யட்டும்?

பதில்: இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட வாய்ப்புள்ள எந்தப் பயிற்சிக்கும் தம்பியை இன்று மாலையிலிருந்து அனுப்பாதீர்கள். அடுத்த மாத மேடை அவனுக்கு இல்லை. இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டர் அவனை நேரில் பார்க்க வேண்டும். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தம்பிக்கு ஏற்பட்டிருப்பது மூளை அதிர்ச்சி. தயிர்ச் சட்டியைப் பிடித்து உலுக்கினால் சட்டி உடைவதில்லை, உள்ளே தயிர்தான் கலங்குகிறது. இதுவும் அப்படித்தான். மண்டை ஓட்டில் கீறல்கூட விழாமல் உள்ளே மூளை குலுங்கி, நரம்பு செல்களின் வேலை தடுமாறிப் போகிறது. கலைந்துபோன உப்புச் சமநிலையைச் சரிசெய்ய அந்தச் செல்களுக்கு அதிக சக்தி தேவைப்படும். ஆனால் அதே நாட்களில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். தலைவலி, கூச்சம், மறதி, எரிச்சல் எல்லாம் இதனால்தான் வருகின்றன. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "ஸ்கேன் நார்மல், அப்படியென்றால் ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்பதை மட்டும்தான் ஸ்கேன் சொல்லும். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் இல்லை. பலருக்கு ஒரு விநாடிகூட நினைவு தப்புவதில்லை.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். தம்பி வயதுக்காரர்களுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். ஆகவே இரண்டு வாரம் கழித்தும் தலை வலிக்கிறது என்பதால் மட்டும் பயந்துவிட வேண்டாம். ஆனால் இந்த இரண்டு வாரமும் அவன் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறான் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி வரும் அடையாளங்களில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ராத்திரி வண்டி கிடைக்காது, வழியில் தடை இருக்கும் என்று தள்ளிப் போடவும் வேண்டாம். அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்: தலைவலி நாளுக்கு நாள் ஏறுவது, வலி தூக்கத்திலிருந்து எழுப்புவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கை காலில் பலம் குறைவது, பேச்சுக் குழறல், கண்மணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, எழுப்பினாலும் எழாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது. மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தம் சிலருக்குச் சில வாரம் கழித்துத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு வாரம் ஆன பிறகும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

வலிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் போதும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம், நாள்தோறும் என்றும் வேண்டாம். தலைவலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதை இந்தப் பையனுக்குக் கண்டிப்பாக வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. ரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய வலிமாத்திரையும் இருக்கலாம்.

இருட்டறையில் வாரக் கணக்கில் படுக்க வைப்பது பழைய வைத்தியம். இப்போது முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும் என்கிறோம். அதன்பிறகு மெல்ல நடப்பது குணமாவதற்கே உதவுகிறது. தம்பி காலையும் மாலையும் நடக்கட்டும். நடப்பதற்கு முன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். நடக்கும்போது அது இரண்டு மார்க்குக்கு மேல் கூடினால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் கொஞ்சம் குறைவாக நடக்கட்டும். போனையும் வீடியோ கேமையும் குறையுங்கள், தூக்கத்தைக் குறைக்காதீர்கள். டியூஷன் வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு வாரத்துக்குப் பாதி நேரம் போதும் என்று கேளுங்கள். படிப்பு பழைய நிலைக்கு வந்த பிறகுதான் விளையாட்டுப் பேச்சு.

படிப்பும் நடையும் சரியானால் ஓட்டம், அடுத்து கயிறு தாண்டுதல், அதற்கும் பிறகு தனியாக உதையும் குத்தும் பழகுவது என்று படிப்படியாகப் போகலாம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள் கொடுங்கள். தொந்தரவு திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பேட் (அடி தாங்கும் மெத்தை) பிடித்து ஜோடியாகப் பழகுவது, நன்றாக வியர்க்க ஓடியும் தலைவலி இல்லை என்ற நிலை வந்த பிறகுதான். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுவதை நினைத்தால்தான் எனக்குப் பயம். முதல் அடியைவிட மெல்லிய இடி போதும், தொந்தரவு மாதக் கணக்கில் இழுத்துவிடும். மிக அபூர்வமாக, ஆனால் பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளிடம், மூளை மளமளவென்று வீங்கி உயிரே போயிருக்கிறது.

இனி சயா சொன்னதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். தன் உடம்பில் கண்டதைத்தான் சொல்லியிருப்பார். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பழகும். மணல் மூட்டையை மாதக் கணக்கில் அளவாக உதைத்தால் எலும்பு கெட்டிப்படும், வலி உணர்வும் மழுங்கும். (பாட்டிலை உருட்டித் தேய்ப்பதில் பயனில்லை, தோலும் எலும்புறையும் புண்ணாவதுதான் மிச்சம்.) கை முட்டி பழகும், மூச்சு பழகும், பயம்கூடப் பழகும். தலை மட்டும் பழகாது. ஒவ்வோர் அடிக்கும் மூளைக்குள் கூடுவது சேதம்தான். 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், பல காலம் தலையில் அடி வாங்கிய குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் புத்தித் தடுமாற்றத்தையும் மருத்துவ இதழில் எழுதி வைத்தார். அடிக்குப் பழகியவராக ஊர் நினைக்கும் பழைய வீரர், உண்மையில் வலியை வெளியே காட்டாமல் இருக்கப் பழகியவர்.

தலைக்கவசம் போட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். தோல் கிழிவதையும் எலும்பு உடைவதையும் அது குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதைப் பெரிதாகத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டை தலைக்கவசம் இல்லாமலேதான் நடந்தது.

லெத்வே மேடையோரம் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பாரம்பரிய விதியில், விழுந்தவரை அவர் ஆட்கள் தூக்கி உட்கார வைத்து, ஒரு முறை இரண்டு நிமிடம் அவகாசம் எடுத்துத் தெளியவைத்து மறுபடி இறக்கலாம். கழுத்தில் ஐஸ், முகத்தில் தண்ணீர், காதுமடலைக் கசக்கு கசக்கென்று கசக்குவார்கள். அவர் கண்ணைத் திறந்து எழுந்து, மடக்கிய கையில் தட்டிச் சவால் காட்டும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்தக் கண்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். திறந்திருக்கும், ஆனால் ஒரு புள்ளியில் நிற்காமல் அலையும். "இது எந்தச் சுற்று?" என்று கேட்டால் பதில் வராது. அந்த மனிதர் எழுந்துவிட்டார், அவர் மூளை இன்னும் எழவில்லை. இதைப் பார்த்து வளரும் பையன்கள் எழுந்து நின்றால் சரியாகிவிட்டது என்று மனதில் பதித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊர்ப் பயிற்சிக் கூடத்திலும் அன்று அதுதான் நடந்தது. கிளவுஸ் போட்டு ஆடும் அமெச்சூர் குத்துச்சண்டையில் தலையடியில் விழுந்தவருக்குக் குறைந்தது 30 நாள் மேடை கிடையாது. லெத்வேயை முறைப்படுத்திய சா பா ஞெய்ன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை ஆடியவர். விதிகளைத் திருத்துவதால் கலைக்குக் கேடு வராது என்பதற்கு அவரே போதும்.

நிறுத்துவதா, தொடர்வதா? என் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்கிறேன். குணமான பிறகு பயிற்சி தொடரட்டும், தலையடி வேண்டாம். 18 வயது வரை மேடையும் வேண்டாம், தலையைக் குறிவைக்கும் ஜோடிச் சண்டையும் வேண்டாம். தலைமுட்டுப் பயிற்சி எந்த வயதிலும் ஆள் மேல் வேண்டாம். அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், தலையைக் குறிவைத்து அடிப்பதாலேயே பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் குத்துச்சண்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. கிளவுஸ் போட்ட ஆட்டத்துக்கே அந்தப் பேச்சு என்றால், வெறும் துணி சுற்றிய கையும் தலைமுட்டும் உள்ள ஆட்டத்துக்கு என்ன சொல்வது?

தம்பியின் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அடியோடு நிறுத்தினால் அவன் உங்களுக்குத் தெரியாமல் போவான், அடுத்த முறை விழுந்தால் வீட்டில் சொல்லமாட்டான். கயிறு, மூட்டை, பேட், உதை, கட்டிப்பிடித்து நிலைகுலைக்கும் பிடிகள், கழுத்துத் தசைக்கான பயிற்சி என்று அவனுக்கு மூன்று வருடத்துக்குப் போதுமான வேலை அங்கேயே இருக்கிறது. உங்கள் பக்கம் சிலம்பம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அதையும் பழகட்டும். கம்பு வீச்சில் கால்வைப்பும் கண்ணோட்டமும் நன்றாக வரும். கம்பும் தலையில் பட்டால் ஆபத்துதான் என்பதால், ஜோடியாக ஆடும்போது மெல்ல வீசச் சொல்லுங்கள்.

சயாவிடம் எப்படிப் பேசுவது என்றும் தயங்குவீர்கள். பையனை வைத்துக்கொண்டு, மற்ற சீடர்கள் முன்னால் பேசாதீர்கள். அவர் வீட்டுக்கே போய், "சயா, டாக்டர் மூளையில் அடி என்று சொல்லிவிட்டார், அவர் எழுதிக் கொடுக்கும் வரை இவனைத் தொடவிடாதீர்கள்" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம். கூடவே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: இனி எந்தப் பையன் தலையடியில் விழுந்தாலும், தடுமாறினாலும், அன்றைக்கு அவனுக்குப் பயிற்சி முடிந்தது. இதற்குச் சம்மதிக்காத இடமானால், எவ்வளவு பெரிய சயாவானாலும் வேறு இடம் பாருங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள். ஒன்று, காயமும் ரத்தமும். கை முட்டியில் எதிராளியின் பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும் அதை மனிதக் கடியாகவே பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கிருமி நேராக மூட்டுக்குள் போய் விரலையே முடக்கிவிடும். நெற்றி கிழிந்து ரத்தம் கலக்கும் இந்த ஆட்டத்தில் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் பரவ வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் அது அரிதான நோய் அல்ல. தம்பிக்குச் சிறுவயதில் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ரத்தம் பார்த்து, டெட்டனஸ் ஊசியோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.

மற்றொன்று எடை குறைப்பு. பங்குனி, சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடவிட்டு, தண்ணீர் கொடுக்காமல் எடையை இறக்குவது சில இடங்களில் நடக்கிறது. வளரும் பையனுக்கு எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: அடிபட்ட தேதி, எத்தனை விநாடி நினைவில்லை, விழுவதற்கு முன்னும் பின்னும் அவனுக்கு ஞாபகம் இருப்பது எது வரை, இதற்கு முன் எத்தனை முறை இப்படி விழுந்திருக்கிறான், ஒவ்வொரு நாளும் காலைத் தலைவலிக்கு அவன் போட்ட மார்க். இதற்கு முன் விழுந்த கணக்கை மட்டும் நீங்கள் இல்லாத நேரத்தில் டாக்டர் அவனிடம் தனியாகக் கேட்கட்டும்.