கமுக்கட்டுக் கேள்விகள்: வெட்கப்படாமல் கேளுங்கள்

திருநெல்வேலியில் 22 வருடமாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். அக்குளை எங்கள் பக்கம் கமுக்கட்டு என்பார்கள், சிலர் கக்கம் என்பார்கள். பெயர் எதுவானாலும் அதைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். மருந்துச் சீட்டு எழுதி முடித்து, கதவுவரை போய்விட்டுத் திரும்பி, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்பார்கள். இன்று இரவு பத்து மணிவரை அந்த "இன்னொண்ணு" மட்டும். படம் அனுப்ப வேண்டாம். படத்தைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை.

கல்லூரி மாணவி, மதுரை: அக்குள் கருப்பாக இருக்கிறது, ஸ்லீவ்லெஸ் போடவே கூச்சம். எலுமிச்சையும் சமையல் சோடாவும் தேய்த்தால் வெளுக்குமா?

வெளுக்காது, புண்ணாகும். ஒன்று கடும் அமிலம், மற்றது காரத்தன்மை உள்ளது. இரண்டையும் மெல்லிய தோல் மடிப்பில் போட்டுத் தேய்த்தால் எரிச்சல் வரும். எரிச்சல் ஆறும்போது முன்பைவிடக் கருக்கும்.

முதலில் விரலால் தடவிப் பாருங்கள். தோல் வழக்கம்போல் வழவழப்பாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் உரசல்தான்: கையைப் பிடிக்கும் ஜாக்கெட், மழுங்கிய பிளேடு, வேக்ஸிங், ஒத்துக்கொள்ளாத ஸ்ப்ரே. நம் நிறத்துத் தோல் சின்னச் சிராய்ப்புக்குக்கூடக் கருமையை விட்டுவிட்டுத்தான் போகும். காரணத்தை நிறுத்தினால் மெல்ல மங்கும், மாதக்கணக்கில்.

தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி, வரிவரியாக இருந்து பின்கழுத்தும் அப்படியே இருந்தால் கதை வேறு. அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதை அதிகமாகச் சுரக்கும். அந்த மிகுதி தோலின் செல்களைத் தூண்டி வளரவைக்கும். ஒரு அம்மா 13 வயது மகளைக் கூட்டிவந்தார். "சரியாக் குளிக்கவே மாட்டேங்கிறா" என்று புகார். பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் கழுத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. கையைத் தூக்கச் சொன்னால் கமுக்கட்டிலும் அதே வெல்வெட். அது அழுக்கே இல்லை. நான் க்ரீம் எழுதவில்லை, ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை எழுதினேன். எடை இறங்கினால் இந்தக் கருமையும் இறங்கும்.

ஒன்று மட்டும்: நடு வயதைத் தாண்டியவருக்கு இது திடீரென்று வந்து, எடையும் காரணமில்லாமல் குறைந்தால் பொது மருத்துவரை உடனே பாருங்கள். அரிதாக வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் இப்படித் தோலில் காட்டிக்கொடுக்கும்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்: வட்டவட்டமாக அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த ட்யூபைப் போட்டால் ரெண்டே நாளில் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஆறு மாதமாக இதே கதை.

அட்டைப் பெட்டியை எடுங்கள். பெரிய எழுத்துப் பெயர் வேண்டாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

ஐடி ஊழியர், சென்னை: தினம் இரண்டு முறை குளிக்கிறேன். மதியத்துக்குள் நாற்றம் வந்துவிடுகிறது.

வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. கமுக்கட்டில் இரண்டு வகைச் சுரப்பி உண்டு. ஒன்று தண்ணீர் மாதிரி வியர்க்கும், உடம்பு முழுக்க இருப்பது. இன்னொன்று பருவ வயதில்தான் விழிக்கும், கொழுப்பும் புரதமும் கலந்து கொஞ்சமாகச் சுரக்கும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இரண்டாவதைத் தின்று உடைக்கும்போதுதான் நாற்றம். கொரியர்களில் பெரும்பாலோருக்கு இந்த நாற்றமே இருக்காது. ஏபிசிசி11 என்ற மரபணுவின் வேலை. அவர்களுக்குக் காதுக் குறும்பிகூட உலர்ந்துதான் இருக்கும்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பென்சாயில் பெராக்சைடு கலந்த ஃபேஸ்வாஷை வாரம் இரண்டு மூன்று நாள் அக்குளில் இரண்டு நிமிடம் வைத்துக் கழுவுங்கள். துண்டும் பனியனும் வெளுத்துப்போகும், பழையதாக எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையை அடைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போடுவதானால் இரவில், நன்றாகத் துடைத்த தோலில் போடுங்கள். காலையில் குளித்த ஈரத்தோடு பூசினால் எரியும், வேலையும் செய்யாது.

இல்லத்தரசி, திருச்சி: கருமை போக நல்ல க்ரீம் ஒன்று சொல்லுங்களேன்.

முதல் பதில்.

தையற்கலைஞர், ஈரோடு: புது ஜாக்கெட் போட்ட மூன்றாம் நாள் அரிப்பு. சென்ட்டா, துணியா, எப்படிக் கண்டுபிடிப்பது?

அருமையான கேள்வி. கையைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நடுக் குழிவு முழுக்கச் சிவந்திருந்தால் சந்தேகம் பூசியதன்மேல்: டியோடரன்ட், அதிலும் வாசனைப் பொருள். குழிவு சுத்தமாக இருந்து முன்னும் பின்னும் மடிப்பின் ஓரம் மட்டும் சிவந்திருந்தால் சந்தேகம் துணிமேல். துணி உரசுவது ஓரத்தில்தானே? செயற்கை இழைக்குப் போடும் சாயம் வியர்வையில் கசிந்து அங்கே ஒட்டும். கருநீலத்தையும் கறுப்பையும்தான் முதலில் சந்தேகிப்பேன். லைனிங்குக்கு வெளிர் நிறப் பருத்தி போட்டுப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளருக்கும் சொல்லலாம்.

இயற்கை விரும்பி, கோவை: டியோடரன்ட்டில் இருக்கும் அலுமினியம் மார்பகப் புற்றுநோய் தரும். நான் 15 வருடமாகப் படிகாரக் கல் மட்டும்தான். டாக்டர்கள் ஏன் இதைச் சொல்வதில்லை?

படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். 15 வருடமாக நீங்கள் பூசுவதும் அலுமினியம்தான், ஐயா.

இயற்கை விரும்பி: அது மண்ணிலிருந்து வருவது. மூலக்கூறு பெரியது, உள்ளே போகாது.

தண்ணீரில் கரைந்த பிறகு கல்லின் பெருமை எங்கே? அலுமினியம் தனியாகத்தான் நிற்கும். அது அதிகம் உள்ளே போவதில்லை என்பது சரி. டியோடரன்ட்டில் இருப்பதும் அப்படியே. 2002இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆன்டிபெர்ஸ்பிரன்ட், டியோடரன்ட், ஷேவிங் எதற்கும் தொடர்பு தெரியவில்லை.

சலூன்காரர் மகன், விருதுநகர்: எங்கப்பா முகம் மழித்ததும் படிகாரக் கல்லைத்தான் தேய்ப்பார். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

நானும் குறை சொல்லவில்லை. படிகாரம் பாக்டீரியாவை அடக்கும், சிறு வெட்டில் ரத்தத்தை நிறுத்தும், விலையும் மலிவு. ஈரத் தோலில் இரண்டு இழுப்பு போதும். அதே கல்லை அடுத்தவர் முகத்திலும் தேய்க்காதீர்கள், ரத்தம் பட்ட கல். நான் சண்டை போடுவது கல்லோடு இல்லை. ஒரே உப்பு ஒரு டப்பாவில் இருந்தால் விஷம், இன்னொன்றில் இருந்தால் மூலிகை என்று மற்றவர்களைப் பயமுறுத்துவதோடுதான்.

ஆசிரியை, தஞ்சாவூர்: மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனபோது டியோடரன்ட் போடாமல் வரச் சொன்னார்களே? அப்போது தொடர்பு இருக்கிறதுதானே?

இல்லை அம்மா. அலுமினியத் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். புற்றுநோய்ச் சந்தேகத்தைக் கிளப்பும் கால்சியப் படிவு என்று தப்பாகப் படிக்க வாய்ப்புண்டு. படம் கெடாமல் இருக்கத்தான். பவுடரும் பூசாமல் போங்கள்.

இயற்கை விரும்பி: நம் முன்னோர் முட்டாள்களா?

அவர்கள் அலுமினியம்தான் பூசினார்கள், நன்றாகவே இருந்தார்கள். இதைத்தானே நானும் சொல்கிறேன். படிகாரக் கேள்வி இத்தோடு போதும். இன்னும் எட்டு பேர் அதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், விட்டுவிடுகிறேன்.

பெயர் வேண்டாம், சேலம்: மூன்று வருடமாகக் கமுக்கட்டில் கட்டி. கீறிவிட்டால் ஆறுகிறது, பக்கத்திலேயே இன்னொன்று. இப்போது தொடை இடுக்கிலும். சூட்டுக்கட்டி என்கிறார்கள். வயது 27.

இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு தடவை வந்து போனால் சூட்டுக்கட்டி. அதே இடத்தில் திரும்பத் திரும்ப, இரண்டு பக்கமும், இடுக்கிலும் வந்தால் அது ஹைட்ராடினைட்டிஸ் சப்புராடிவாவாக இருக்கலாம். முடிக்குழி அடைபட்டு, உள்ளேயே வெடித்து, தோலுக்கடியில் எலிவளை மாதிரி ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஒரு வாயைக் கீறினால் அடுத்த வாய் திறப்பது அதனால்தான். அழுக்கால் வருவதில்லை, யாருக்கும் தொற்றாது. வெட்கத்தில் வருடக்கணக்காக மறைத்துவிட்டு, கையைத் தூக்கவே முடியாமல் தழும்பு இறுகிய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சங்கடம். புகை பிடித்தால் நிறுத்துங்கள். எடை கூடுதலென்றால் குறையுங்கள். மாதக்கணக்கில் எடுக்கும் ஆன்டிபயாடிக் உண்டு, முற்றியதற்கு 2015 முதல் அடாலிமுமாப் ஊசி அனுமதியில் இருக்கிறது, அறுவையும் உண்டு. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். பெயரை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

விடுதி மாணவர், நாகர்கோவில்: அக்குள் முடியில் மஞ்சளாக மெழுகு மாதிரி ஒட்டியிருக்கிறது. பனியனும் மஞ்சளாகிறது. பேனா?

பேன் இல்லை. முடியைச் சுற்றிக் கூடு கட்டும் பாக்டீரியா. மழித்துவிடுங்கள், மேலே ஐடி ஊழியருக்குச் சொன்ன வாஷ் போடுங்கள். மழிப்பதால் முடி தடிமனாக வளராது, அடுத்த கேள்வி அதுதான் என்று தெரியும்.

அரசு ஊழியர், வேலூர்: பாலுண்ணியைத் தலைமுடியால் கட்டினால் விழுந்துவிடுமா? சுண்ணாம்பு வைக்கலாமா?

சுண்ணாம்பு வைத்து வெந்துபோன தோலோடு வருபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். மருத்துவரிடம் ஐந்து நிமிட வேலை. நிறைய இருந்தால் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுமணப்பெண், கடலூர்: கல்யாணத்துக்குப் பத்து நாள். அக்குள் வெள்ளையாக...

முதல் பதில். பத்து நாளில் வெளுக்கவைப்பதாகச் சொல்லும் எதையும் வாங்காதீர்கள். வாழ்த்துகள்.

ஓய்வுபெற்றவர், காரைக்குடி: வலி இல்லாத உருண்டை, நெல்லிக்காய் அளவு, இரண்டு மாதமாக.

இது தோல் சமாச்சாரம் இல்லை. நெறி கட்டியிருக்கலாம். கையில் புண் இருந்து நெறி கட்டினால் வலிக்கும், வாரக்கணக்கில் அமுங்கும். வலிக்காமல் இரண்டு மாதம் நின்றால் அறுவை மருத்துவர் கைவைத்துப் பார்க்கவேண்டும். நாளைக்கே போங்கள்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்: பெட்டியைத் தேடி எடுத்துவிட்டேன். குளோபெட்டசால், அப்புறம் நியோமைசின், மைக்கோனசோல் என்று போட்டிருக்கிறது. தோலில் வேறு ரோஸ் நிறத்தில் கோடுகள் விழுந்திருக்கின்றன.

நினைத்தேன். உங்களுக்கு இருப்பது அநேகமாகப் படர்தாமரை. அந்தக் குளோபெட்டசால் ஸ்டீராய்டிலேயே மிக வீரியமானது. அரிப்பை அமுக்கிவிட்டு அடியில் பூஞ்சையைச் செழிக்கவிடும். மடிப்பில் மருந்து மற்ற இடத்தைவிட அதிகமாக உறிஞ்சப்படும், அந்தக் கோடுகள் தோல் மெலிந்து கிழிந்ததன் அடையாளம். நிறம் மங்கலாம், தடம் நிற்கும். இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடும். பயந்து மறுபடி அதையே எடுக்காதீர்கள். நேரில் போய்ச் சுரண்டிப் பரிசோதித்துப் பூஞ்சை மாத்திரை வாங்குங்கள், வாரக்கணக்கில் சாப்பிட வேண்டிவரும். வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது? லாரியில் உடன் வருபவருக்கு? அவர்களையும் கூட்டிப் போங்கள், துண்டைத் தனியாக வையுங்கள். ட்யூபைக் குப்பையில் போடுமுன் அட்டையை மட்டும் மருத்துவருக்குக் காட்ட எடுத்து வையுங்கள்.